மருத்துவப் பள்ளிக்கு வித்திட்ட பெருந்தகை தான் ஜியாக் கிம்

இன்று மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நம்மவர் மருத்துவராகப் பணியாற்றாத நகரம் இல்லை எனலாம். அரசு மருத்துவமனைகளிலும் தனியார் மருந்தகங்களிலும் தமிழ்ப் பெயர் தாங்கிய பலகையைக் காண்பது இன்று வியப்புக்குரிய செய்தியன்று. ஆயின் நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்னர் நிலைமை முற்றிலும் வேறாக இருந்தது. இம்மண்ணில் பிறந்த ஒருவர், அவர் சீனராயினும் தமிழராயினும் மலாய்க்காரராயினும் யுரேசியராயினும், இம்மண்ணிலேயே பயின்று மருத்துவராவதற்கு வழியேதும் இருக்கவில்லை. அவ்வழியைத் திறந்துவிட்டோருள் முன்னின்றவர் தான் ஜியாக் கிம் என்னும் சீனப் பெருந்தகை. அவர் மருத்துவர் அல்லர். பட்டங்கள் பெற்ற அறிஞரும் அல்லர். கப்பலும் சரக்கும் கணக்குப் புத்தகமுமாக வாழ்ந்த ஒரு வணிகர்.

அன்னாரின் வரலாற்றை அவருடைய பாட்டனாரிடமிருந்து தொடங்குவதே முறையாகும். 1805ஆம் ஆண்டில் மலாக்காவில் பிறந்த தான் கிம் செங், சிங்கப்பூருக்கு வந்து தம் பெயரால் ஒரு வணிக நிறுவனத்தை நிறுவிப் பெருஞ்செல்வர் ஆனவர். மலாய் மொழி பேசி, சீன வழிபாட்டு முறைகளைக் கைவிடாது வாழ்ந்த பாபா சமூகத்தின் தூண்களுள் அவர் ஒருவர். 1857இல் சிங்கப்பூர் நகர மக்களுக்குத் தூய குடிநீர் கிடைக்க வேண்டுமென விழைந்து, 13,000 வெள்ளியை அரசாங்கத்திடம் ஒப்படைத்தார். அக்காலத்தில் அது பெருந்தொகை. ஆனால் அத்திட்டம் திட்டமிடுதலிலும் தாமதத்திலும் சிக்கித் தடுமாறிற்று. கொடுத்தவர் 1864இல் காலமானார். குழாய் வழியே நகருக்குத் தண்ணீர் வந்து சேர்ந்ததோ 1870களின் பிற்பகுதியில்தான். நன்றியறிதலாக 1882இல் அவர் பெயரால் ஓர் அலங்கார நீரூற்று எழுப்பப்பட்டது. கொடையாளி உயிரோடிருந்த காலத்தில் ஒரு குவளை நீரைக் கூட வழங்காத திட்டத்திற்கு, அவர் மறைந்தபின் ஒரு நீரூற்று எழுந்தது!

இப்பாட்டனாரின் மகன் தான் பெங் சுவீ. அவருடைய மகனாக 1859 ஏப்ரல் 29ஆம் நாள் பிறந்தவரே ஜியாக் கிம். முதலில் சீன மொழியையும் பின்னர் ஆங்கிலத்தையும் கற்ற அவர், பதினெட்டாம் வயதில் குடும்ப நிறுவனத்தில் பயிற்சியாளராகச் சேர்ந்தார். முதலாளியின் மகன் என்பதற்காக நேரே முதலாளி நாற்காலியில் அமர்த்தப்படவில்லை. 1884இல் தந்தையார் மறைந்தபின் சிற்றப்பன்மாரோடு சேர்ந்து நிறுவனத்தின் பொறுப்பை ஏற்றார். 1890இல் மேன்ஸ்ஃபீல்டு நிறுவனத்தாருடனும் வேறு சில சீன வணிகருடனும் கூடி, நீரிணைக் கப்பல் நிறுவனத்தை உருவாக்கியவர்களுள் அவரும் ஒருவர். ஈயத்தையும் சரக்கையும் பயணிகளையும் சுமந்து சிங்கப்பூருக்கும் மலாயாக் கரையோரத் துறைமுகங்களுக்கும் இடையே அந்நிறுவனத்தின் கப்பல்கள் பல்லாண்டுகள் ஓடின. பினாங்குத் துறைமுகத்தைக் கண்ட மூத்தோர் பலர் அக்கப்பல்களை அறிவர்.

வணிகத்தில் ஊன்றிய அதே வேளையில் பொதுப்பணியும் அவரை நாடி வந்தது. நகரசபை உறுப்பினராகப் பணியாற்றினார். 1889இல், முப்பதே வயதில், நீரிணைக் குடியேற்றங்களின் சட்டமன்றத்திற்கு நியமனம் பெற்றார். சிங்கப்பூர், மலாக்கா, பினாங்கு ஆகிய மூன்று இடங்களுக்கும் பொதுவான அம்மன்றத்தில் ஐரோப்பியர் அல்லாதாரின் குரல் ஒற்றைச் சீன உறுப்பினரின் குரலாகவே ஒலித்து வந்தது. நம் இனத்தவருக்கு அன்று அங்கு இடமில்லை. இந்தியர் ஒருவர் அம்மன்றத்தில் அமர 1920கள் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. வணிகப் பொறுப்பு மிகுந்ததால் 1892இல் விலகிய ஜியாக் கிம், 1902இல் மீண்டும் உறுப்பினராகி 1915 வரை தொடர்ந்தார். இடையில் 1900ஆம் ஆண்டு, நீரிணைச் சீனர் பிரிட்டிஷ் சங்கம் தோன்றியபோது அதன் முதல் தலைவராகவும் அமர்ந்தார்.

அக்காலத்து மருத்துவ நிலையைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். மருத்துவமனைகள் இல்லாமல் இல்லை. சிங்கப்பூரில் தான் தோக் செங் என்னும் வணிகர் வழங்கிய பொருளைக் கொண்டு 1844இல் ஏழைகளுக்கான மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. பினாங்கில் 1883இல் சீன வணிகர்கள் லாம் வா ஈ மருத்துவமனையைத் தோற்றுவித்தனர். கட்டடம் எழுப்பச் செல்வர் முன்வந்தனர். படுக்கையும் மருந்தும் வாங்கப் பணம் கிடைத்தது. ஆனால் படுக்கையருகே நிற்க மருத்துவர் எங்கே? பிரிட்டனிலிருந்து வந்த மருத்துவர் சிலரே. அவர்களுக்குத் துணையாக மருந்தாளர்களும் உதவியாளர்களும் சென்னையிலிருந்து வரவழைக்கப்பட்டனர். அல்லது இங்குள்ள இளைஞர் சிலர் அரசாங்கச் செலவில் சென்னைக்குக் கப்பலேற்றி அனுப்பப்பட்டுப் பயின்று திரும்பினர். வங்காள விரிகுடாவைக் கடந்து சென்றால்தான் ஊசியும் கத்தியும் பிடிக்கக் கற்கலாம் என்ற நிலை அது.

ஈயச் சுரங்கங்களில் சீனரும், கரும்பு, காப்பித் தோட்டங்களிலும் பின்னர் இரப்பர்த் தோட்டங்களிலும் தமிழரும் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்த காலம் அது. மலேரியாவும் பெரிபெரியும் வயிற்றுக்கடுப்பும் வாந்திபேதியும் அவர்களைக் கொள்ளை கொண்டன. புதிதாகக் காடழித்த தோட்டங்களில் தொழிலாளர் மடிந்த கதையை நம் குடும்பங்கள் பல இன்றும் மறக்கவில்லை. தோட்டத்திற்கு டிரெசர் ஒருவர் இருந்தால் அதுவே பெரும் பேறு. ஐரோப்பிய மருத்துவர் எப்போதேனும் வருவார். வந்தாலும் நோயாளியின் மொழி அவருக்குத் தெரியாது. அவர் மொழி நோயாளிக்குப் புரியாது. இருவருக்கும் நடுவே நின்ற ஒருவர் சொல்வதே நோய். அவர் கொடுப்பதே மருந்து.

உள்ளூரிலேயே மருத்துவம் கற்பிக்க வேண்டும் என்ற எண்ணம் அரசாங்கத்திற்குத் தோன்றாமல் இல்லை. 1889இல் தலைமை மருத்துவ அதிகாரியாயிருந்த மேக்ஸ் சைமன் ஒரு மருத்துவப் பள்ளி அமைக்கத் திட்டம் வகுத்தார். நுழைவுத் தேர்வும் நடத்தப்பட்டது. இருவர் மட்டுமே தேறினர்! இருவருக்காக ஒரு பள்ளியா என்று திட்டம் கைவிடப்பட்டது; மாணவர் மீண்டும் சென்னைக்கே அனுப்பப்பட்டனர். கோப்பு மூடப்பட்டால் அதனைத் திறப்பது எளிதன்று என்பதை அரசாங்க அலுவலகங்களை அறிந்தோர் அறிவர். இக்கோப்பு ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் உறங்கிற்று.

இதே காலத்தில் நம் பினாங்கில் நிகழ்ந்த ஒன்று ஈண்டு நினைவுகூரத்தக்கது. 1879இல் ஜார்ஜ் டவுனில் பிறந்த ஊ லியன் தே, அரசியார் உதவித்தொகை பெற்றுக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1903இல் தாயகம் திரும்பினார். பின்னாளில் மஞ்சூரியாவைச் சூறையாடிய கொள்ளை நோயை 1910-11இல் அடக்கி உலகப் புகழ் எய்திய அதே மருத்துவர்தாம் இவர். அத்தகையவருக்கும் காலனித்துவ அரசாங்கத்தில் ஐரோப்பிய மருத்துவருக்கு நிகரான பதவி கிட்டவில்லை. கோலாலம்பூர் ஆய்வுக்கழகத்தில் ஓராண்டு இருந்துவிட்டுப் பினாங்கிற்கே வந்து தனியாக மருத்துவம் பார்க்கலானார். தூய ஐரோப்பிய வழிவந்தோரே உயர் அரசுப் பணியில் சேரலாம் என்ற விதி வலுப்பெற்று வந்த காலம் அது. கடல் கடந்து உயர்ந்த பட்டம் பெற்றவருக்கே இந்நிலையெனில், கடல் கடக்க வசதியற்றோர் என்ன செய்வர்?

இச்சூழலில்தான் 1904 செப்டம்பர் 8ஆம் நாள், தான் ஜியாக் கிம் தலைமையில் சீனரும் பிற ஐரோப்பியரல்லாத சமூகத்தினரும் ஒன்றுசேர்ந்து ஆளுநர் சர் ஜான் ஆண்டர்சனிடம் ஒரு விண்ணப்பத்தைச் சமர்ப்பித்தனர். இம்மண்ணின் மைந்தர் இங்கேயே மருத்துவம் பயில ஒரு பள்ளி வேண்டும் என்பதே அதன் சாரம். ஆளுநர் பதவியேற்றுச் சில மாதங்களே ஆகியிருந்தன. அவர் மறுக்கவில்லை, உடனே இசையவும் இல்லை. சமூகத்தார் 71,000 வெள்ளியைத் திரட்டித் தந்தால் அரசாங்கம் பள்ளியை நடத்தும் என்று நிபந்தனை விதித்தார்.

இந்நிபந்தனையின் கூர்மையை உணர வேண்டும். பணம் திரளாவிடில், இவர்களுக்கே இதில் உண்மையான அக்கறை இல்லை என்று சொல்லிக் கோப்பை மீண்டும் மூடிவிடலாம். முன்பு தேர்வு எழுதியோர் தேறவில்லை. இப்போது கொடுப்போரும் இல்லை என்றாகிவிடும். அவ்வாறு நேர்ந்திருந்தால் இன்னொரு தலைமுறைக்கு எவரும் இப்பேச்சை எடுத்திருக்க மாட்டார். எனவே பட்டியலில் முதலில் கையொப்பமிட்டவரின் தோள்மீது ஒரு சமூகத்தின் மானமே இருந்தது எனினும் மிகையாகாது.

கோயில் திருப்பணிக்கு நிதி திரட்டிய அனுபவம் உடையோர் ஒன்றை நன்கறிவர். நன்கொடைப் பட்டியலின் முதல் வரியில் எழுதப்படும் தொகையே அதன் கீழ்வரும் தொகைகளைத் தீர்மானிக்கும். முதல்வர் நூறு எழுதினால் அடுத்தவர் ஐம்பது எழுதுவார்; முதல்வர் பத்து எழுதினால் அடுத்தவர் வெறுங்கையைக் கூப்புவார். ஜியாக் கிம் 12,000 வெள்ளி வழங்கினார். அனைவரினும் பெரிய கொடை அதுவே. அதன்பின் வணிகரும் மற்றையோரும் தத்தம் ஆற்றலுக்கேற்ப வழங்க, கேட்கப்பட்ட 71,000 வெள்ளிக்கு 87,077 வெள்ளி திரண்டது. ஊர் கூடித் தேரிழுத்தது. தேர் நிலையை விட்டுப் புறப்பட்டது.

பாட்டனார் குடிநீருக்கு அளித்தது 13,000. பேரனார் மருத்துவக் கல்விக்கு அளித்தது 12,000. குடும்பத்தின் முந்தைய கொடைக்கு நேர்ந்த கதியை அவர் அறியாதவரல்லர். அரசாங்கத்திடம் பணத்தைக் கொடுத்துவிட்டு இருபதாண்டுகள் காத்திருந்த குடும்பம் அது. இருந்தும் அவர் தயங்கவில்லை. இம்முறை காத்திருக்க வேண்டியதும் இல்லை. விண்ணப்பம் அளித்த பத்தே மாதங்களில், 1905 ஜூலை 3ஆம் நாள், பாடம் தொடங்கிவிட்டது.

நீரிணைக் குடியேற்றங்கள், கூட்டு மலாய் மாநிலங்கள் அரசாங்க மருத்துவப் பள்ளி என்பது அதன் நீண்ட பெயர். இடம் சிங்கப்பூரில் சிப்பாய் லைன் எனப்பட்ட பகுதி. முற்காலத்தில் இந்தியச் சிப்பாய்கள் தங்கியிருந்த இடமாதலின் அப்பெயர் வந்தது. ஹொக்கியன் சீனரும் அச்சொல்லையே தம் நாவுக்கேற்பத் திரித்து அங்குள்ள பொது மருத்துவமனையைக் குறிக்கப் பயன்படுத்தினர். பெண் மனநோயாளருக்கான பழைய காப்பகக் கட்டடமே செப்பனிடப்பட்டு வகுப்பறையாயிற்று. பினாங்கில் மூத்த அரசாங்க மருத்துவராகப் பணியாற்றிவந்த ஜெரால்டு டட்லி ஃபிரீர் முதல் முதல்வராக அமர்த்தப்பட்டார் என்பது பினாங்கு வாழ் மக்கள் பெருமையுடன் எண்ணத்தக்கது. முதல் அணியில் சேர்ந்தோர் 23 பேர். அவர்களுள் 16 பேர் ஐந்தாண்டு மருத்துவக் கல்விக்கும், எஞ்சியோர் மருத்துவமனை உதவியாளர் பயிற்சிக்கும் சேர்ந்தவர்கள். 1905 செப்டம்பர் 28ஆம் நாள் ஆளுநர் ஆண்டர்சன் பள்ளியை முறைப்படி திறந்து வைத்தார்.

மருத்துவமனை கட்ட ஓராண்டு போதும். மருத்துவரை உருவாக்க ஐந்தாண்டு வேண்டும். 1910இல் எழுவர் தேறி வெளிவந்தனர். அவர்களுள் ஒருவரான சென் சு லான், பின்னாளில் அபினிக்கு எதிராக அயராது போராடிய மருத்துவராகப் புகழ் பெற்றார். எழுவர் என்பது சிறு எண்ணிக்கைதான். ஆனால் இருவர் தேறினர் என்பதற்காகக் கைவிடப்பட்ட திட்டத்தை நினைத்துப் பார்க்கும்போது அவ்வெண்ணிக்கையின் அருமை விளங்கும்.

கொடையும் நிற்கவில்லை. மலாயாவில் முதன்முதலில் இரப்பரை வணிகப் பயிராக நட்ட மலாக்காவின் தான் சே யான், தம் தந்தையார் தான் தேக் குவான் நினைவாக ஒரு கட்டடத்தை எழுப்பித் தந்தார். 1911இல் அது பள்ளியோடு சேர்ந்தது. ஏழைகளுக்கு மருத்துவமனை தந்த தான் தோக் செங்கின் பேரனே இவர். நம் முன்னோர் பால் சீவிய இரப்பர் மரத்தின் வரலாறும் மருத்துவப் பள்ளியின் வரலாறும் ஒரே குடும்பத்தில் வந்து கூடுவதைக் காண்க. 1910இல் ஏழாம் எட்வர்டு மன்னர் மறைந்தபின், மருத்துவர் லிம் பூன் கெங்கின் முயற்சியால் மன்னர் நினைவு நிதியாக 120,000 வெள்ளி பள்ளிக்குச் சேர்ந்தது. 1913இல் பள்ளி ஏழாம் எட்வர்டு மன்னர் மருத்துவப் பள்ளி எனப் பெயர் மாற்றம் பெற்றது. 1916இல் லண்டனிலுள்ள பொது மருத்துவ மன்றம் இப்பள்ளியின் எல்.எம்.எஸ். சான்றிதழை ஏற்றுக்கொண்டது. சிப்பாய் லைனில் பயின்றவர் பிரிட்டிஷ் ஆட்சிப் பரப்பில் எங்கும் மருத்துவம் பார்க்கலாம் என்ற தகுதி அதனால் கிடைத்தது.

இவ்விடத்தில் உண்மையை மறைத்தல் தகாது. சான்றிதழ் சமமாயினும் பதவி சமமாகவில்லை. அரசாங்கப் பணியில் சேர்ந்த உள்ளூர் மருத்துவர் நெடுங்காலம் உதவி மருத்துவராகவே வைக்கப்பட்டனர். எத்தனை ஆண்டு அனுபவம் இருப்பினும், நேற்று வந்திறங்கிய ஐரோப்பிய மருத்துவருக்குக் கீழேயே அவர் நிற்க வேண்டும். ஊதியமும் அதற்கேற்பக் குறைவு. மேலும், பள்ளியின் பயிற்றுமொழி ஆங்கிலம். நகரத்து ஆங்கிலப் பள்ளியில் படித்தவருக்கே அவ்வாசல் திறந்தது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மணலில் எழுதிப் பழகிய பிள்ளைக்கு அது நெடுங்காலம் எட்டாக் கனியாகவே இருந்தது. இக்குறைகளுக்காக ஜியாக் கிம்மைக் குறை கூறுதல் பொருந்தாது. வாசலே இல்லாத சுவரில் ஒரு வாசலை வைத்தவர் அவர். அதனை அகலப்படுத்துவது பின்வந்தோர் கடனாயிற்று.

1912இல் அரசாங்கம் அவருக்குச் சி.எம்.ஜி. விருதளித்துச் சிறப்பித்தது. 1915இல் சட்டமன்றத்திலிருந்து ஓய்வு பெற்றார். ரிவர் வேலி சாலையில் அவர் குடும்பத்தார்க்குரிய பங்லிமா பிராங் என்னும் மாளிகை இருந்தது. ஆளுநரும் வணிகரும் வந்து சென்ற இல்லம் அது. 1917 அக்டோபர் 22ஆம் நாள் ஜியாக் கிம் காலமானார். அவருக்கு அப்போது வயது 58. சான்றிதழுக்கு உலக ஏற்பு கிடைத்ததைக் கண்டபின்னரே அவர் கண்மூடினார் என்பதில் ஓர் ஆறுதல் உண்டு; அவர் பாட்டனாருக்கு அப்பேறு வாய்க்கவில்லை.

அவருக்குப் பின் அப்பள்ளி 1921இல் கல்லூரியாயிற்று. 1926இல் பெருந்தூண்கள் தாங்கிய புதிய கட்டடம் திறக்கப்பட்டது. ஜப்பானியர் ஆட்சியில் இடையூறுற்றுப் போருக்குப்பின் மீண்டெழுந்த அக்கல்லூரி, 1949இல் ராஃபிள்ஸ் கல்லூரியோடு இணைந்து மலாயாப் பல்கலைக்கழகமாக மலர்ந்தது. கெடாவில் பிறந்து 1947இல் அக்கல்லூரியில் சேர்ந்த ஓர் இளைஞர் பின்னாளில் நம் நாட்டின் பிரதமரானார். அவர்தாம் டாக்டர் மகாதீர் முகமது. 1960களில் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம் தன் மருத்துவப் புலத்தை அமைத்தபோது அதன் முதல் தலைவராக நின்று அதனைக் கட்டியெழுப்பியவர் நம்மவரான பேராசிரியர் தம்பு ஜான் தனராஜ். அவரும் சிப்பாய் லைன் கல்லூரியில் பயின்றவரே. பினாங்கிற்கெனத் தனி மருத்துவக் கல்லூரி 1996இல்தான் வந்தது. பினாங்கிற்கு வடக்கே கெடாவில், செமலிங்கில் வளாகம் கொண்ட ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இந்தியச் சமூகத்தின் முயற்சியால் 2001இல் தோன்றியது. அதற்காக நிதி திரட்டியோர், ஒரு நூற்றாண்டுக்கு முன் 71,000 வெள்ளி கேட்கப்பட்ட கதையை அறிந்திருந்தனரோ இல்லையோ, நடந்த பாதை அதுவேயாகும்.

பங்லிமா பிராங் மாளிகை 1982இல் இடிக்கப்பட்டது. சிங்கப்பூர் ஆற்றங்கரையில் ஜியாக் கிம் வீதி என்னும் பெயர் மட்டும் எஞ்சியுள்ளது. சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனை வளாகத்திற்குள் சென்றால், உயர்ந்த புதிய கட்டடங்களுக்கிடையே, தான் தேக் குவான் கட்டடத்தையும் 1926ஆம் ஆண்டுக் கல்லூரிக் கட்டடத்தையும் இன்றும் காணலாம்.